இரண்டாம் தரம் கேட்பவர்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதுகிற அருகதை எனக்கு இல்லை. படித்து முடிக்கும்போது நீங்களும் அதை ஒத்துக்கொள்வீர்கள். மெல்பனின் மேற்கில், ட்ருகனினாவில், எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் இருந்தார். தெருவில் இருந்த தமிழர் எல்லோருக்கும் அவர் வெறும் அங்கிள்தான்.

எதையும் இரண்டு தரம் கேட்பார். "பிளேன்ரீ போடவோ?" என்பார். தேநீர் வேண்டாம் என்று சொன்னால், எழும்பிப் போய் கேத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டே, "போடவோ, பிள்ளை?" என்று மறுபடி கேட்பார். அப்போது எல்லோரும் சரி என்போம். முதல் தரம் கேட்டவுடன் தலையாட்டினால் எங்கள் சனத்துக்கு மரியாதைக் குறைவல்லவா? தொண்டை காய்ந்து போயிருந்தாலும் ஒரு தரம் வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும். "முதல் சொல்லுறது மரியாதைக்கு. ரெண்டாவதுதான் வாயிலை இருந்து வாறது" என்பது அவருடைய கணக்கு.

இந்தப் பழக்கத்தை வேலையிலும் விடமாட்டார். அருகில் இருந்த பெரிய களஞ்சியம் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். லொறி வந்து நின்றதும், பிரேக் போட்டாயா என்று சாரதியிடம் கேட்பார். போட்டேன் என்று பதில் வந்தாலும், ஏறுவதற்கு முன் இன்னொரு தரம் கேட்பார். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரச் சாரதி கோபத்தில் கெட்ட வார்த்தையால் ஏசிவிட்டு, கதவைத் திறந்து காட்டப் போயிருக்கிறான். பிரேக் போட்டிருக்கவில்லை. அடுத்த நாள் இரண்டு பியர் ரின் கொண்டுவந்து கொடுத்தானாம். அங்கிள் குடிக்கமாட்டார். அது மாதக்கணக்கில் அவருடைய கராஜ் தட்டில் தூசி பிடித்துக் கிடந்தது.

அந்தக் கராஜில்தான் சனிக்கிழமைக் காலைகளில் எங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். ஒரு பிளாஸ்டிக் மேசை, நாலு கதிரை, சுவரில் ஊர்க் கடை ஒன்றின் கலண்டர். ஊரிலிருந்து அம்மா அப்பாவைக் கூப்பிடுகிற எல்லோரும் அங்கே வருவார்கள். விசிட்டர் விசாவில் வருகிறவர்களுக்கு இங்கே மெடிகெயர் என்கிற அரசாங்க வைத்தியச் சலுகை கிடையாது. ஒரு இரவு ஆஸ்பத்திரியில் படுத்தாலும் முழுக் காசும் பிள்ளைகளின் தலையில்தான் விழும். அதனால் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். அதில் முன்பே வருத்தம் ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கும். ஆம் என்று எழுதினால் காசு எகிறும். அல்லது அந்த வருத்தத்துக்கு மட்டும் ஒரு சதமும் தரமாட்டோம் என்பார்கள். ஆகவே எங்கள் ஆட்கள் எல்லோரும் இல்லை என்றுதான் எழுதுவிப்பார்கள். அந்தப் படிவங்களை நம்பினால், அறுபது தாண்டிய யாழ்ப்பாணத்தாரில் ஒருவருக்கும் சீனி வருத்தமோ பிறஷரோ கிடையாது. முழங்கால் நோவுகூடக் கிடையாது.

ஒருநாள் எனக்கு முன்னால் ஒரு மகனும் தகப்பனும் இருந்தார்கள். தகப்பனின் விசாக் காலத்தை நீட்டுகிறார்கள், இன்சூரன்ஸையும் நீட்ட வேண்டும். மனுசனின் கால் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. செருப்புக்குள் கால் முழுதாகப் போகவில்லை.

"ஐயாவுக்கு வருத்தம் ஏதும்?" என்று அங்கிள் கேட்டார்.

"ஒண்டுமில்லை" என்றான் மகன்.

அங்கிள் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி இந்தத் தரம் தகப்பனைப் பார்த்துக் கேட்டார். "ஒண்டுமில்லையோ, ஐயா?"

கிழவர் வாயைத் திறந்தார். மேசைக்குக் கீழே மகன் அவருடைய தொடையை அமத்தினான். எனக்கு நன்றாகத் தெரிந்தது. கிழவர் வாயை மூடிக்கொண்டார். அங்கிள் 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டார். பிறகு படிவத்தின் அடியில், நிரப்பியவர் பெயர் என்ற கோட்டில், தன் பெயரையும் போன் நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதினார். மற்றவர்கள் அந்தக் கோட்டை வெறுமையாக விட்டுவிடுவார்கள். இவர் விடமாட்டார். பேனையை மூடிவிட்டு எல்லோருக்கும் சொல்வதையே அவர்களுக்கும் சொன்னார்: "எழுதினது நான். சொன்னது நீங்கள்."

அவர்கள் போன பின் நான் சிரித்தேன். "தெரிஞ்சுகொண்டே ஏன் அங்கிள் ரெண்டு தரம் கேக்கிறியள்?"

அவர் சிரிக்கவில்லை. படிவங்களை அடுக்கிக்கொண்டே சொன்னார். அவரும் மனைவியும் படகில் வந்தவர்கள். ஒரு விசா முடிந்து மற்றது வராமல் இழுபட்ட மாதங்களில் மெடிகெயர் காட் செல்லாமல் கிடந்தது. அந்த நேரத்தில் ஒருநாள், குசினியில் அரிசி கழுவிக்கொண்டு நின்ற மனைவி வயிற்றைப் பிடித்துக் குனிந்ததை இவர் கண்டிருக்கிறார்.

"நோகுதோ எண்டு கேட்டன். இல்லை எண்டா. எனக்கு ஷிஃப்டுக்கு நேரம் போட்டுது, வெளிக்கிட்டிட்டன்." கையிலிருந்த தாள்களை மேசையில் தட்டி ஒழுங்காக்கினார். "ஒரு தரம்தான் கேட்டனான், பிள்ளை."

காட் கையில் வந்தபோது வருத்தம் முற்றிப்போயிருந்ததாம். மனைவி மிஞ்சவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த படிவம் என்னுடையது என்பதால் அந்த வெட்கம் அதிக நேரம் நிற்கவில்லை.

என் அம்மாவுக்கு நெஞ்சு ஒழுங்கில்லாமல் அடிக்கிற வருத்தம். இரத்தம் உறையாமல் இருக்க நாளுக்கு இரண்டு குளிசை எடுப்பார். இது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வருத்தத்தோடு இன்சூரன்ஸ் எடுக்க எங்களால் ஏலாது என்பதும் தெரியும். வீட்டுக் கடன், என் கணவருக்கு நிரந்தரமில்லாத வேலை, எனக்குச் சிறுபிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் வாரத்துக்கு மூன்று நாள். ஆறு வருசமாக நான் அம்மாவைக் காணவில்லை.

"அம்மாவுக்கு வருத்தம் ஏதும் இருக்கோ?"

"இல்லை அங்கிள்."

பேனை மேலே எழும்பியது. "ஒண்டுமில்லைத்தானே, பிள்ளை?"

"ஒண்டுமில்லை அங்கிள். நல்ல சுகமா இருக்கிறா."

புள்ளடி விழுந்தது. பெயரும் நம்பரும் எழுதினார். எழுதினது நான், சொன்னது நீங்கள் என்றார். அன்றிரவே அம்மாவுக்குப் போன் எடுத்து, குளிசைகளை மட்டையிலிருந்து உதிர்த்து ஒரு பழைய பவுடர் ரின்னில் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். மருந்துச் சீட்டை ஊரிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னேன். எங்கே எந்தக் கடுதாசி ஆர் கையில் பிடிபடுமோ என்று பயம். அம்மா அப்படியே செய்தார். என் சொல்லை அவர் எப்போதும் தட்டியதில்லை.

அம்மா வந்த பிறகு முதல் மூன்று மாதமும் என் வீட்டில் வாசனை வேறாக இருந்தது. அங்கிள் வேலையால் வரும் வழியில் எட்டிப் பார்ப்பார். கராஜுக்குப் பின்னால் வளர்த்த கீரையைக் கொண்டுவருவார். ஒருதரம், வழமைபோல, "இஞ்சை ஒத்துக்கொள்ளுதோ, அக்கா? ஒத்துக்கொள்ளுதுதானே?" என்று கேட்டார். அம்மா இரண்டாம் கேள்விக்கு, "நெஞ்சுதான் இடைக்கிடை..." என்று தொடங்கிவிட்டார். நான் குசினியிலிருந்து பாய்ந்து வந்து, "குளிருக்கு, அங்கிள்" என்றேன். அவர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். கீரைப் பையை மேசையில் வைத்துவிட்டு, "அப்ப நான் போட்டு வாறன்" என்று போனார்.

நாலாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போக அம்மா சீலை உடுத்திக்கொண்டு நின்றார். கணவர் வேலையில். நான் கார்த் திறப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அறைக்குள் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அம்மா நிலத்தில் கிடக்கிறார். வாய் ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. என் பெயரைச் சொல்லப் பார்த்தார், சொல் வரவில்லை. இடது கையைத் தூக்கிப் பார்த்தேன், அது என் கையிலிருந்து நழுவி விழுந்தது.

நான் ஆம்புலன்சுக்கு அடிக்கவில்லை. அங்கிளுக்கு அடித்தேன். ஆம்புலன்சுக்குத் தனியாகக் காசு வரும் என்பது அந்த நேரத்திலும் எனக்கு நினைவிருந்தது. என்ன பிறவி நான் என்று இப்போதும் நினைப்பதுண்டு.

"ஆம்புலன்சுக்கு அடிச்சாச்சோ?" என்றார்.

"ஓம்" என்றேன்.

"அடிச்சனீங்கள்தானே, பிள்ளை?"

"இல்லை அங்கிள்."

"நான் அடிக்கிறன். கதவைத் திறந்து வையுங்கோ."

செருப்பில்லாமல் ஓடி வந்தார். ஆம்புலன்சில் என்னோடு அவரும் ஏறினார். ஆஸ்பத்திரியில் அம்மாவை நேரே படம் எடுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு இளம் பெண் டொக்டர் வந்தார். மூளைக்குப் போகிற இரத்தக் குழாயில் கட்டி அடைத்திருக்கிறது, கரைக்கிற மருந்து உடனே ஏற்ற வேண்டும், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்று வேகமாகச் சொன்னார். பிறகு கேட்டார்: அம்மா இரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஏதும் எடுக்கிறாரா?

அவர் கையில் ஒரு கோப்பு இருந்தது. நான் சொல்வதை அதில் எழுதுவார். அந்தக் கோப்பை இன்சூரன்ஸ்காரர் கேட்டு வாங்குவார்கள். எனக்கு அந்தக் கோப்புத்தான் தெரிந்தது. டொக்டரின் முகம் தெரியவில்லை.

"நோ" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு திரும்பி நடந்தார்.

அங்கிளுக்கு இங்கிலீஷ் ஒழுங்காகப் பேச வராது, ஆனால் விளங்கும். என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பிள்ளை, அம்மா குளிசை ஏதும் எடுக்கிறவவோ?"

"இல்லை அங்கிள்."

டொக்டர் வாசலைத் தாண்டிவிட்டார். அங்கிள் எனக்கு முன்னால் வந்து, என் பார்வையை மறித்துக்கொண்டு நின்றார். குரல் கராஜில் கேட்கிற அதே குரல்தான்.

"அண்டைக்கு ஃபோம் நிரப்பேக்கை நீங்கள் கலண்டரைப் பாத்துக்கொண்டு சொன்னனீங்கள். இப்ப என்னைப் பாத்துச் சொல்லுங்கோ. அம்மா குளிசை எடுக்கிறவவோ?"

"ஓம்" என்றேன். "ஓம் அங்கிள், ரத்தம் உறையாமல் இருக்கிற குளிசை. காலமையும் எடுத்தவ."

அவர் வெறுங்காலோடு ஓடினார். "வெயிற்! டொக்டர், வெயிற்! ரப்லெற்! ரப்லெற்!" என்று அந்த நீண்ட நடைபாதையில் அவர் கத்தியது இன்னமும் என் காதில் இருக்கிறது. நான் பின்னால் போய்க் குளிசையின் பெயரைச் சொன்னேன். டொக்டர் என்னை ஒரு கணம் பார்த்தார். ஏசவில்லை. அந்த மருந்தை ஏற்றியிருந்தால் மூளைக்குள் இரத்தம் பெருகியிருக்கும், ஆள் மிஞ்சியிருக்கமாட்டார் என்று மட்டும் சொன்னார். பிறகு வேறு வழியில், தொடையால் ஒரு குழாய் விட்டு, அந்தக் கட்டியை எடுத்தார்கள்.

அம்மா பிழைத்தார். இடது கை முழுதாகத் திரும்பவில்லை, பேச்சுக் கொஞ்சம் குழறும். இன்றும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார், போன் எடுத்தால் கடைசியில் "அந்தத் தம்பி சுகமோ?" என்று கேட்பார். ஓம் என்று சொல்லிவைக்கிறேன்.

இனிச் சொல்லவேண்டியதுதான் எனக்குக் கஷ்டம். ஆஸ்பத்திரியின் கட்டணம் வந்தது. அந்தத் தொகையை நான் இங்கே எழுதவில்லை, எழுதினால் நீங்கள் அதைத்தான் நினைவில் வைத்திருப்பீர்கள். இன்சூரன்ஸ் கொம்பனியிலிருந்தும் கடிதம் வந்தது. முன்பே இருந்த வருத்தத்தை மறைத்ததாகத் தெரிகிறது, விசாரிக்க வேண்டும், இந்த நம்பருக்குப் பேசவும் என்றிருந்தது. வேண்டுமென்று மறைத்தால் ஒன்றும் கிடைக்காது, படிவத்தில் நடந்த தவறு என்றால் ஒருவேளை இரங்குவார்கள் என்று வேலையிடத்தில் ஒருத்தி சொன்னாள். அதை நான் பிடித்துக்கொண்டேன்.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போனேன் என்று நினைக்கிறீர்கள்? அவரிடம்தான். சனிக்கிழமை காலை, அதே கராஜ். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"உள்ளதைச் சொல்லுங்கோ, பிள்ளை. உயிர் தப்பீற்றுது. மிச்சத்தை மெல்ல மெல்லப் பாப்பம்."

போனை ஸ்பீக்கரில் மேசையில் வைத்து அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள், மிக மரியாதையானவள். பேச்சு பதிவாகிறது என்று சொன்னாள். அம்மா சுகமா என்று கேட்டாள். பிறகு கேட்டாள்: படிவத்தை வேறொருவர் நிரப்பியிருக்கிறார், அவர் பெயர் அடியில் இருக்கிறது. அம்மாவுக்கு முன்பே வருத்தம் உண்டா என்று அவர் உங்களிடம் கேட்டாரா?

எனக்கு எதிரே அவர் பழைய படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நோ" என்றேன். "ஹீ டிட் நொற் ஆஸ்க் மீ."

அவருடைய கை நின்றது. நான் கலண்டரைப் பார்த்தேன்.

அவர் அங்கே பக்கத்தில் இருக்கிறாரா என்று அந்தப் பெண் கேட்டாள். இருக்கிறார் என்றேன். போனை அவர் பக்கம் தள்ளினேன். என் கைதான் தள்ளியது.

ஐயா, நீங்கள் இவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டீர்களா என்று அவள் கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் அழுது உண்மையைச் சொல்லியிருப்பேன். என் அம்மாவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தது போலத்தான் என்னையும் பார்த்தார். வெளியே யாரோ கார் நிறுத்துகிற சத்தம் கேட்டது, அடுத்த படிவத்துக்கு ஆள் வந்துவிட்டது.

பெண் இரண்டாம் தரம் கேட்டாள். ஐயா, கேட்டீர்களா?

"நோ மேடம்" என்றார். "ஐ நொற் ஆஸ்க். மை மிஸ்ரேக்."

மனைவியிடம் ஒரு தரம் மட்டும் கேட்டதற்காக இத்தனை வருசம் எல்லோரிடமும் இரண்டு தரம் கேட்டுக்கொண்டிருந்த மனுசன், ஒரு தரமும் கேட்கவில்லை என்று பதிவாகிற போனில் சொன்னார்.

அதனால் எனக்கு ஒரு பிரயோசனமும் வரவில்லை. யார் தவறு என்றாலும் முன்பிருந்த வருத்தத்துக்குத் தரமாட்டோம் என்று கொம்பனி எழுதிவிட்டது. ஆஸ்பத்திரிக் காசை மாதம் மாதமாகக் கட்டினோம். அவருக்கு மட்டும் ஒரு கடிதம் போனது. அனுமதி இல்லாமல் பிறருக்குப் படிவம் நிரப்பிக் கேள்விகளைக் கேட்காமல் விட்டிருக்கிறீர்கள், இனிமேல் செய்தால் சட்ட நடவடிக்கை எடுப்போம் என்று. விசயம் தெருவில் பரவியது. அங்கிள் கேட்காமலே எழுதிவிடுவாராம் என்று சனம் கதைத்தது. அவர் கேட்கக் கேட்க ஆயிரம் தரம் பொய் சொன்ன அதே சனம். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. கராஜ் கதவு சனிக்கிழமைகளில் திறப்பது நின்றது. அடுத்த வருசம் வீட்டை விற்றுவிட்டு, சிட்னியில் மேய்ஸ் ஹில் பக்கம் இருக்கிற மகளிடம் போய்விட்டார். போகும் நாளில் எங்கள் வாசலில் ஒரு பை கீரை இருந்தது. பெல் அடித்தாரா என்று தெரியாது. நான் உள்ளேதான் இருந்தேன்.

எனக்கு அந்தக் கீரையைவிட அந்தச் சனிக்கிழமைதான் திரும்பத் திரும்ப வருகிறது. போனை வைத்தபோது வெளியே வந்த ஆள் இன்னும் காரிலேயே இருந்தது; நான் கடிதத்தை மடித்தேன். என் நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கதிரையில் இருந்தபடியே கேட்டார்.

"பிளேன்ரீ போடவோ, பிள்ளை?"

"வேண்டாம் அங்கிள்" என்றேன், குனிந்துகொண்டு.

அவர் எழும்பிக் கேத்தலில் தண்ணீர் பிடிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டாம் தரம் கேட்கவில்லை.